கோவிச்சுக்கிட்டுப் போன கம்ப்யூட்டர்

வெயிலுகந்தநாதன் அண்ணாச்சி வீட்டுக் கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு எறங்கிப் போனது எங்க மேலத்தெருவுல தண்ணி வார காலையில, அதனால அதைப் பாக்காத ஆளே தெருவுல கெடையாது, பாக்கலன்னு எவளாவது சொன்னா அன்னைக்கி அவ வீட்டுல யாரும் குளிக்கலன்னு அர்த்தம். நான் எதிர்த்த வீடு. சன்னலோரமாத் தையல் மிஷினைப் போட்டு உக்காந்திருக்கவ. தெருவுல ஒரு கோழி குறுக்க போனாக்கூட யாரு வீட்டுக் கோழி, என்ன சோலியாப் போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும், தெரியலன்னா அன்னைக்கி ஊசியில நூலு கோக்க வராது. அதனால நான் சொல்லுதது அத்தனையும் கண்ணால கண்டது, காதால கேட்டது, கொஞ்சம் சொவத்துல காதை வச்சுக் கேட்டது.

குடமும் கையுமா வரிசையில நிக்கோம், அண்ணாச்சி வீட்டுக் கதவு தொறக்குது, டிவி மாதிரி இருக்கும்லா அந்த மேல்பாகமும் அதுக்குக் கீழ பெட்டியுமா ஒண்ணு மேல ஒண்ணு நின்னுக்கிட்டு, வயரை எல்லாம் வேட்டியை மடிச்சுக் கட்டுன மாதிரி இடுப்புல சுத்திக்கிட்டு, கீபோர்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நிதானமாப் படி எறங்கி வருது. நாங்க குடத்தை நகட்டி வழி விட்டோம். "பாத்து, பாசி வழுக்கும்"னு ஒருத்தி சொன்னா. அது திரும்பிப் பாக்கல, கோவத்துல போறவ என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கா?

இதுல வாயைப் பொளக்க என்ன இருக்கு சொல்லுங்க. எங்க ஊருல கோவிச்சுக்கிட்டுப் போவாத ஆளு யாரு? சந்தனக் கிண்ணத்தைத் தனக்கு நீட்டலன்னு பந்தலை விட்டு எறங்குன சித்தப்பா உண்டு, பந்தியில ரெண்டாவது தடவை பாயாசம் கேக்கலன்னு இலையை மூடிட்டு எந்திரிச்ச மாமா உண்டு, வான்னு ஒரு தடவைதான் கூப்பிட்டாவ, எல்லாரையும் ரெண்டு தடவை கூப்பிட்டாவன்னு வாசலோட திரும்பிப் போன பெரியம்மை உண்டு. அந்த வரிசையில ஒரு கம்ப்யூட்டரும் சேந்துக்கிட்டு, அவ்வளவுதான். அதனால எப்படி நடக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. யாரு என்ன சொல்லிட்டா, எங்க போவுது, இந்த ரெண்டைத்தான் கேட்டோம்.

எங்க போவுதுன்னு பின்னாலயே ஓடுன பிள்ளைக வந்து சொல்லி மொதல்ல தெரிஞ்சு போச்சு. டீக்கடையைத் தாண்டி, வாய்க்காப் பாலத்தைத் தாண்டி, கீழத்தெருவுக்குள்ள நொழஞ்சு, பச்சைக் கேட்டு போட்ட வீட்டு முன்னால நின்னு, கதவைத் தட்டிச்சு. அது ஆவுடைத்தங்கம் வீடு. ஆவுடை யாரு? அண்ணாச்சியோட கூடப் பொறந்த ஒரே தங்கச்சி, ஆறு வருசமா அண்ணன் மூஞ்சியில முழிக்காதவ. தண்ணி வரிசையில நின்ன அத்தனை வாயும் டப்புனு மூடிக்கிட்டு, குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டுது.

யாரு என்ன சொன்னாங்கிறதை எனக்குப் பூரணவல்லி மைனி சொன்னாவ, அதாவது அண்ணாச்சி சம்சாரம். நடந்தது இதுதான். மகன் சைலுவுக்கு மெட்ராஸ்ல வேலை, தை மாசம் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, எல்லாம் நல்லபடியாப் போய்க்கிட்டிருக்கு, நல்லபடியாப் போனா எங்க ஆளுகளுக்குக் கை சும்மா இருக்குமா, உடனே ஒரு எண் ஜோசியக்காரரைப் பாக்கப் போயிட்டாரு அண்ணாச்சி. அந்த ஜோசியக்காரரு எல்லாரு பேரையும் கூட்டிப் பாத்துட்டு, கார் நம்பரைக் கூட்டிப் பாத்துட்டு, "காலையில எந்திரிச்சதும் மொதல்ல எதைவே எழுதுதீரு"ன்னு கேட்டிருக்காரு. "கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு அடிப்பேன்"னு இவரு சொல்ல, அதைக் கூட்டிப் பாத்த மனுசன் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "எட்டு வருதுய்யா, கல்யாண வீட்டுல எட்டை வச்சுக்கிட்டா இருக்கீரு, உடனே ஆறு வாரது மாதிரி மாத்தும்"னு சொல்லிப்புட்டாரு.

இவரும் வந்து மாத்துனாரு. சும்மா மாத்தல, ஆறு வரணும்னு ஒரு எழுத்தைச் சேப்பாரு, கூட்டுவாரு, ஏழு வரும், ஒண்ணை எடுப்பாரு, கூட்டுவாரு, நாலு வரும், பக்கத்துல காப்பி ஆறிப் பாலாடை கட்டிப் போச்சு. கடைசியில ஆறு வந்துது. வந்த சந்தோசத்துல பெட்டியை அணைச்சுட்டுக் குளிக்கப் போனாரு. குளிச்சுட்டு வந்தாரு, கூட்டுத்தொகை ஆறுங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு, எதைக் கூட்டுனோம்னு ஞாபகம் இல்ல.

சிரிக்காதிய. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கது என்னன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டிய.

அண்ணாச்சியோட அப்பா ஆதிமூலம், கண்டக்டர் பெரியவருன்னு சொன்னாத்தான் ஊருக்கு விளங்கும். தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவுல பஸ்ஸுல கத்திக் கத்தியே காலத்தை ஓட்டுன மனுசன், ரிட்டயர் ஆன பொறவும் பந்தியில ஆளு உக்காரும்போது "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு"ன்னு சத்தம் போடுவாரு. கல்யாண வீட்டுக்கு வேன் பிடிச்சுப் போனா அவரு வாயால "போலாம் ரைட்"டுன்னு சொல்லாம எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். அவரு கடைசிக் காலத்துல ஒரு நாளு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து, தன் குரலைப் பேசிப் பிடிச்சு வச்சாரு. "சைலு கல்யாணத்துக்கு நான் இருப்பனோ என்னவோ, சொல்ல வேண்டியதை இப்பமே சொல்லி வச்சுட்டேன், கல்யாணம் நெருங்குத வரைக்கும் ஒரு பய தொறந்து கேக்கப்படாது"ன்னு கட்டளை. அடுத்த மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டாரு. அண்ணாச்சி அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை, ஒரு தடவைகூடத் தொறக்கல, வேற எங்கயும் ஏத்தியும் வைக்கல. இந்த உலகத்துல அந்த மனுசன் குரலு மிச்சம் இருக்கது அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டியாந்து காட்டுனாவ. அவரு ரெண்டு பட்டனைத் தட்டிப் பாத்துட்டு, "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத் தொறந்துரும், ஆனா உள்ள இருக்கது ஒண்ணும் மிஞ்சாது"ன்னாரு. அண்ணாச்சி அன்னைக்கிப் பூராவும் பெட்டி முன்னால உக்காந்து தட்டோ தட்டுன்னு தட்டுனாரு, ஆறு வாரது எல்லாத்தையும் அடிச்சாரு, கடைசியில ஆத்திரம் தாங்காம அது மண்டையில ஒரு போடு போட்டு, "சவமே, ஒன்னைத் தூக்கிக் குப்பையில போடலன்னா பாரு"ன்னுட்டாரு. பொழுது விடிஞ்சுது, தண்ணி வந்துது, அது எறங்கிப் போச்சு. சோறு போட்ட வீடுன்னு பாக்காமப் போச்சேன்னு சில பேரு சொன்னாவ. எத்தனை வருசம் ஒழைச்ச பெட்டி, கைநீட்டி அடிச்சா இருக்குமா? நான் அதோட கட்சி.

ஆவுடை அதை வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்கல. உள்ள கூப்பிட்டு, கிரைண்டருக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு, தூசி படாம ஒரு ஈரிழைத் துண்டைப் போத்திவிட்டு, ஒரு டம்ளர் காப்பியையும் முன்னால கொண்டு வச்சிருக்கா. "குடிக்குமா"ன்னு புருசன் குற்றாலலிங்கம் கேட்டதுக்கு, "குடிக்கும் குடிக்காது, வந்தவங்களுக்குக் குடுக்கது நம்ம மொறை"ன்னாளாம். அதோட மூஞ்சியில பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் மினுக்கு மினுக்குன்னு மினுக்கிக்கிட்டே இருந்திருக்கு. அவ அதைத் தொட்டுக்கூடப் பாக்கல, மனத்தாங்கலா வந்திருக்க ஆளைக் கிண்டப்படாதுன்னு விட்டுட்டா. மக குழல்வாய்மொழிதான் பள்ளிக்கொடத்துல டீச்சர் வேலைக்குப் போவும்போது அதுக்கிட்ட "வாரேன்"னு சொல்லிட்டுப் போவா, சாயங்காலம் வந்து "வந்துட்டேன்"னு சொல்லுவா.

எங்க தெரு அதுக்குப் பொறவு ரொம்பத்தான் திருந்திப் போச்சு பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் பயம். மாவாட்டி முடிச்சதும் கிரைண்டரைத் துடைச்சு விட்டு "போதும் தாயி, அலுத்துப் போயிருப்ப"ன்னு சொல்ல ஆரம்பிச்சாவ. ஓடாத ஃபேனை வெளக்கமாத்துக் கட்டையால தட்டுத பழக்கம் அத்தோட நின்னுது. டீக்கடை வேலாண்டி, ரேடியோவை ஓங்கி அறைஞ்சுதான் பாட்டுக் கேப்பாரு, அந்த மனுசன் ரேடியோ முன்னால குனிஞ்சு நின்னு "மனசு வச்சுப் பாடணும்"னு கேட்டுக்கிட்டிருந்ததை நானே பாத்தேன். நானும் என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுப் பொட்டு வச்சேன், எதுக்கு வம்பு, அது கோவிச்சுக்கிட்டுக் கீழத்தெருப் போனா என் பொழப்பு என்னாவுறது?

கோவத்துல போனவங்களைத் திரும்பக் கூட்டியாரதுக்கு எங்க ஊருல ஒரு நடைமொறை இருக்கு. மொதல்ல பொதுவான ஆளு தூது போவணும். வேலாண்டியும் நானும் போனோம். "அண்ணாச்சி அப்படி ஒண்ணும் மனசுல வச்சுப் பேசல, ஒரு ஆத்திரத்துல..."ன்னு வேலாண்டி ஆரம்பிச்சாரு, கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் கொறச்சுக்கிட்டுது. அதுக்கு அடுத்தது போனு. சைலு மெட்ராஸ்லருந்து வீடியோவுல வந்து, "அப்பாவுக்குப் பதிலா நான் கூப்பிடுதேன், வந்துரு"ன்னு கெஞ்சுனான், குழலு செல்லைப் பிடிச்சு அது மூஞ்சிக்கு நேரா காட்டுனா, அது மூஞ்சியைக் கறுப்பாக்கிக்கிட்டு இருந்துட்டு. போன்ல கூப்பிட்டா வரதுக்கு அது என்ன மானங்கெட்ட பெட்டியா? யாரு மனசை நோவடிச்சாங்களோ அவங்களே நேர்ல வரணும், தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சுத் தூக்கிட்டு வரணும், வாசல்ல ஒரு காலும் தெருவுல ஒரு காலுமா நின்னு கூப்பிடாம உள்ள வந்து உக்காந்து கூப்பிடணும். தெருப் பூராவும் அண்ணாச்சிக்கிட்ட இதைத்தான் சொல்லிச்சு.

"என் பெட்டி. என் வீட்டுக் கரண்டைக் குடிச்சு வளந்த பெட்டி. அதுக்கு நான் தட்டுத் தூக்கணுமா"ன்னு குதிச்சாரு அண்ணாச்சி.

"பெட்டிக்குத் தூக்கதுக்கு ஒமக்கு வெக்கம் இல்ல, அது இருக்க எடம்தான் வெக்கம்"னு மைனி அடுப்படியிலருந்து ஒரு போடு போட்டாவ.

உள்ளதைத்தான் சொன்னாவ. ஆறு வருசத்துக்கு முன்னால, பெரியவரு போய்ச் சேந்த மறு வருசம், அண்ணாச்சி இந்தப் புது வீடு கட்டிப் பால் காய்ச்சும்போது, பத்திரிகையை அவரே கம்ப்யூட்டர்ல அடிச்சாரு. மூணாம் மொறைச் சித்தப்பா பேரு வரைக்கும் போட்டவரு, தங்கச்சி புருசன் குற்றாலலிங்கம் பேரைப் போட மறந்துட்டாரு. எங்க பக்கத்துல பத்திரிகையில பேரு விட்டுப் போச்சுன்னா அதை விடப் பெரிய அடி வேற வேண்டாம், செருப்பைக் கழத்தி அடிச்சிருந்தாக்கூட ரெண்டு நாளுல மறந்திருவாவ. ஆவுடை கண்ணு கலங்கி வந்து கேட்டா. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தோட தீந்துது. ஆம்பளைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வருமா? "பேரு போட்டாத்தான் வருவேன்னா வரவே வேண்டாம்"னு சொல்லிட்டாரு. அவளும் வரல. இப்பம் மகன் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம், ராஜபாளையம்னு ஊரு ஊராத் தட்டைத் தூக்கிட்டு அலையுதாரு, யாரு என்னன்னே தெரியாத வீட்டுல எல்லாம் உக்காந்து காப்பி குடிச்சுட்டு வாராரு, வாய்க்காப் பாலம் தாண்டித் தங்கச்சி வீட்டுக்குப் போவக் காலு வரல. பொண்ணு வீட்டுல வேற, "மூணாவது முடிச்சுப் போட நாத்தனாரு யாரு"ன்னு கேக்காவ. சைலுவுக்குக் கூடப் பொறந்த பொண்ணு கெடையாது, மொறைப்படி அத்தை ஆவுடைதான் போடணும். "யாராவது ஒரு பொண்ணு போடும்"னு அண்ணாச்சி சொல்லிட்டு வந்த அன்னைக்கி மைனி சோத்துல உப்பே போடல.

அண்ணாச்சி வெளிய வீராப்பா இருந்தாரே தவிர, நான் சன்னல் வழியாப் பாத்தேன். பெட்டி இருந்த மேசை காலியாக் கெடக்கு, அதுல தூசி படியாத எடம் சதுரமாத் தெரியுது. காலையில பல்லை வெளக்கிட்டு வந்து மனுசன் அது முன்னால உக்காருதாரு, வெறும் மேசை மேல வெரலை வச்சு எதையோ அடிக்காரு, கொஞ்ச நேரம் பாக்காரு, எந்திரிச்சுப் போறாரு. மறு நாளும் அதே மாதிரி. அதே வெரலு, அதே எடம். சிரிப்பா வந்துது, பொறவு மிஷினை நிறுத்திட்டேன். அப்பம்தான் அவரு உள்ள பாத்துச் சொன்னது கேட்டுது: "பூரணி, அப்பா குரலைக் கேக்காமலே பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சிருவனோன்னு பயமா இருக்கு."

மைனி அலமாரியைத் தொறந்தாவ. வெள்ளித் தட்டைப் புளி போட்டு வெளக்குத சத்தம்தான் கேட்டுது.

அன்னைக்கிக் கீழத்தெருவுக்கு எங்க தெரு ஆளுகளுக்கெல்லாம் ஒரே நேரத்துல சோலி வந்துட்டு. ஒருத்தி கறிவேப்பிலை கேக்கப் போனா, ஒருத்தி காணாமப் போன கோழியைத் தேடிப் போனா, அவ வீட்டுல கோழியே கெடையாது. நான் ஆவுடைக்குத் தைச்ச ரவிக்கையைக் கையில எடுத்துக்கிட்டேன், பித்தான்கூடக் கட்டல, அதனால என்ன? டீக்கடையை அப்படியே போட்டுட்டு வேலாண்டியும் வந்துட்டாரு. அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, தட்டைத் தூக்கிக்கிட்டு முன்னால போறாரு, மைனி பின்னால, நாங்க எல்லாம் எங்கயோ பாத்துக்கிட்டுப் பின்னாலயே போறோம்.

ஆவுடை வாசல்ல வந்து நின்னா. "வாங்க"ன்னா.

பாத்தியளா, மரியாதையை. சின்ன வயசுலருந்து அண்ணனை வா போன்னு பேசுனவ. எங்க ஊருல கோவம் முத்திப் போச்சுன்னா மொதல்ல மரியாதைதான் வரும். அண்ணாச்சிக்கு அது எங்க பட்டுதோ தெரியல, செருப்பைக் கழத்த ஒரு யுகம் ஆச்சு.

உள்ள வந்தாரு. குற்றாலலிங்கம் எந்திரிச்சு நின்னு நாற்காலியைக் காட்டுனாரு, உக்காரல. நேரா கிரைண்டர் பக்கத்துல போயி, ஸ்டூல்ல துண்டைப் போத்திக்கிட்டு இருந்த கம்ப்யூட்டர் முன்னால தட்டை வச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "நான் அன்னைக்கி அடிச்சது தப்பு. பேசுனதும் தப்பு. வீட்டுக்கு வா"ன்னாரு. கட்டம் மினுக்குச்சு. வேற ஒண்ணும் நடக்கல. குனிஞ்சு, ஆறு வாரது ரெண்டு மூணை அடிச்சுப் பாத்தாரு. தப்பு தப்புன்னு தலையை ஆட்டுன மாதிரி கட்டம் ஆடிச்சு.

சன்னலுக்கு வெளிய நாங்க ஒருத்தர் தோளு மேல ஒருத்தர் எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கோம்.

"பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாக்கலாம்லா"ன்னா ஆவுடை, சொவத்தைப் பாத்துச் சொல்லுத மாதிரி.

"அதை மாத்திட்டேன்."

"நீங்க மாத்திட்டிய. அது மனசுல மாத்திச்சோ என்னவோ? கோவத்துல இருக்கவங்களைப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புவாவ. போட்டுப் பாருங்க."

அண்ணாச்சி கையை எடுத்துக்கிட்டாரு. வேர்த்து ஊத்துது. "இங்கன வச்சு வேண்டாம்"ங்காரு.

"ஏன், அப்படி என்னத்தைப் போட்டு வச்சிருந்தியளாம்?"

அவரு துண்டால மூஞ்சியைத் தொடைச்சாரு. மைனிக்கு அதுக்கு மேல பொறுக்கல. "ஒன் பேருதாம்ட்டி"ன்னாவ. "அந்தப் பெட்டியை வாங்கியாந்த அன்னைக்கி, மறக்கவே மறக்காத ஒரு பேரைச் சொல்லுங்கன்னு கடைக்காரன் கேட்டான். கட்டுன பொண்டாட்டி நான் கைக்கெட்டுற தூரத்துல நிக்கேன், பெத்த மகன் பக்கத்துல உக்காந்திருக்கான், ஒங்க அண்ணன் ஒரு நொடி யோசிக்கல, ஆவுடைன்னாவ. அன்னைக்கி எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான்தான் எறங்கிப் போயிருக்கணும். பத்திரிகைச் சண்டைக்குப் பொறவு நீ எங்க வீட்டுப் படி ஏறல, ஆனா நாள் தவறாம, பல்லு வெளக்குன ஈரம் காயுததுக்கு முன்னால ஒன் பேரை அடிச்சுட்டுத்தான் காப்பி குடிப்பாவ. பெட்டி போன பொறவும் வெறும் மேசையில அடிக்காவ. வேணும்னா எதிர்த்த வீட்டுக்காரியைக் கேளு, சன்னல்லதான நிக்கா."

நான் சன்னல்லருந்து தலையை ஆட்டுனேன். மாட்டிக்கிட்ட பொறவு ஒளிஞ்சு என்ன செய்ய?

ஆவுடை சிரிச்சாளா அழுதாளான்னு எங்களுக்குத் தெரியல, ரெண்டும் சேந்து வந்துது. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னவ, எடுத்தா பாருங்க, ஆறு வருசச் சேமிப்பையும் ஒரே மூச்சுல கொட்டிட்டா. "கூறு இருக்கா ஒனக்கு? தெனமும் என் பேரை அடிக்கத் தெரிஞ்ச கைக்கு, இந்தப் பாலத்தைத் தாண்டி வந்து இந்தக் கதவைத் தட்டத் தெரியலியா? நான் இங்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் வருவான், பொறந்த வீட்டுப் பொங்கப்படி குடுக்க வருவான்னு வாசலைத் தெளிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன், நீ அங்க கம்ப்யூட்டர்ல என்னைய அடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கியா?"

"ஒனக்கு"ன்னு சொல்லிட்டா. நீன்னு சொல்லிட்டா. வெளிய வேலாண்டி என் கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனாரு.

அண்ணாச்சி தட்டைத் தூக்குனாரு. கம்ப்யூட்டர் முன்னாலருந்து எடுத்து, மொதல்ல குற்றாலலிங்கம் முன்னால கொண்டு போயி, "மாப்ள, அன்னைக்கி ஒங்க பேரைப் போட மறந்துதான் போனேன். மறந்துட்டேன்னு சொல்ல வாய் வரல. எனக்கு இதைச் சொல்ல ஆறு வருசம் ஆயிட்டு, மன்னிக்கணும், வந்து முன்னால நின்னு கல்யாணத்தை நடத்திக் குடுக்கணும்"னாரு. குற்றாலலிங்கம் நல்ல மனுசன், "விடுங்க மச்சான், விடுங்க"ன்னு தட்டை வாங்கிக்கிட்டாரு, தட்டு சாஞ்சு பழம் உருண்டு கிரைண்டருக்கு அடியில போச்சு. பொறவு அண்ணாச்சி தங்கச்சி பக்கம் திரும்பி, "ஆவுடை, வீட்டுக்கு வா. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல"ன்னாரு.

அவ வந்து அண்ணன் தோள்ல ஒரு குத்துக் குத்துனா. குத்திட்டு, அவரு கையைப் பிடிச்சு இழுத்து ஸ்டூல் முன்னால நிறுத்தி, "இப்பம் அடி"ன்னா.

அடிச்சாரு. கட்டம் ஆடல. பட்டுனு தொறந்துட்டு. மாத்துன பாஸ்வேர்டுக்கு எப்படிப் பழசு செல்லும்னு மறு நாளு அந்தக் கடைக்காரரு டீக்கடையில வந்து கேட்டாரு, கேட்டவரைப் பாத்து அத்தனை பேரும் சிரிச்சோம். வீட்டுல ஒருத்தருகூடவும் கோவிச்சுப் பழகாத ஆளு போலிருக்கு, பாவம்.

சைலுவைப் போன்ல பிடிச்சு, கேளுன்னு பக்கத்துல வச்சுக்கிட்டு, பெரியவரு குரலைத் தொறந்தாவ. நாங்களும் இனி கறிவேப்பிலை என்ன, கோழி என்னன்னு உள்ளயே வந்துட்டோம். மொதல்ல ஒரு இருமலு. அந்த இருமலைக் கேட்டதுமே அண்ணாச்சி ஆளு காலி, அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"ஏ சைலு"ன்னு வந்துது குரலு, பஸ்ஸுக்குள்ள கடைசி சீட்டு வரைக்கும் கேக்குத அதே குரலு. "மாப்பிள்ளை ஆயிட்டியால? நல்லா இருங்க, ரெண்டு பேரும். ஒருத்தருக்கொருத்தர் எடம் விட்டு உக்காருங்க, சண்டை வந்தா அடுத்த ஸ்டாப்புக்குள்ள முடிச்சிருங்க, டெர்மினஸ் வரைக்கும் கொண்டு போவாதிய. எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. கல்யாணத்துக்குக் கிளம்பணும்லா, வண்டியை எடுப்போம். எல்லாரும் ஏறியாச்சா? பூரணி, ஏறிட்டியா தாயி? வெயிலு ஏறிட்டியால? குற்றாலம் மாப்ள, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு. குழலுக்குட்டிக்குச் சன்னலோரம் விடுங்கப்பா."

கொஞ்சம் நின்னுது.

"ஆவுடை எங்க? ஏ ஆவுடை! அவ ஏறாம வண்டி நகராது, முகூர்த்தம் தவறுனாலும் சரி. ஏறிட்டியா?"

அதுக்குப் பொறவு குரலு இல்ல. அவரு காத்திருந்திருக்காரு, அன்னைக்கிக் கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையில உக்காந்து, மக பதில் சொல்லுததுக்குன்னு எடம் விட்டு வச்சிருக்காரு. ஃபேன் ஓடுத சத்தம் மட்டும் பெட்டிக்குள்ளருந்து வருது. நாங்க அத்தனை பேரும் ஆவுடையைப் பாக்கோம்.

"ஏறிட்டேம்ப்பா"ன்னா அவ. பிள்ளைக் குரலுல சொன்னா.

"அப்பம் சரி"ன்னாரு பெரியவரு. "போலாம் ரைட்!"

நீளமா ஒரு விசிலு. அந்த விசில் சத்தத்துக்குக் கம்ப்யூட்டர் ஸ்டூலை விட்டு எந்திரிச்சுது, துண்டை மடிச்சு வச்சுது, வயரை இடுப்புல சுத்திக்கிட்டுது, வாசலைப் பாத்து நடந்துது. முன்னால ஆவுடை, பக்கத்துல அவ அண்ணன், அதுக்குப் பின்னால பெட்டி, பெட்டிக்குப் பின்னால நாங்க. பாலத்துக்கிட்ட வந்ததும் ஆவுடை ஒரு நிமிசம் நின்னா. அண்ணாச்சி அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்படியே நடந்து, மேலத்தெருவுக்குள்ள நொழைஞ்சோம்.

தை மாசம் மூணாவது முடிச்சை ஆவுடைதான் போட்டா, நான் தைச்ச ரவிக்கையில. கல்யாணப் பத்திரிகையில மொத பேரு குற்றாலலிங்கம் பேருதான், மாப்பிள்ளை பேரைக்கூட அதுக்குக் கீழதான் தேடணும். அந்தக் கம்ப்யூட்டருக்கு இப்பம் என்ன பாஸ்வேர்டுன்னு எங்க தெருவுல தவழுத பிள்ளைக்கும் தெரியும், எட்டு வருதா ஆறு வருதான்னு ஒருத்தரும் கூட்டிப் பாக்கதில்ல. அண்ணாச்சி அதைக் காலையில வெரலால அடிக்கதுக்கு முன்னாலயே வாசல்ல நின்னு தெருவே கேக்கக் கத்திருதாரு, "ஏ ஆவுடை, காப்பி போட்டாச்சு, வாரியா?"ன்னு. அவளும் வாய்க்காப் பாலத்துலருந்தே பதில் குடுத்துக்கிட்டு வருவா, "வாரேன், வாரேன், அதுக்குள்ள குடிச்சிராத!"